மூன்று பாகத்தில் நிற்பவன்

"இது வெளையாட்டா, இல்ல கணக்குப் பரீட்சையாட்டி? மூச்ச இழுத்தா ஒரு கட்டம் அடிக்கணும், பயந்தா ரெண்டு கட்டம் அடிக்கணும், மீனக் குத்துனா மூணு கட்டம் அடிக்கணும். ஒரு மனுசன் நிம்மதியாச் சாக முடியுதா? அதுக்கும் இவ கையில ஒரு டேபிள் வச்சிருக்கா!" என்று கத்திவிட்டு இசக்கிராஜா சாப்பாட்டு மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். பகடைகள் துள்ளின. அடுப்படியில் மீன் கட்லட்டை எண்ணெயில் இறக்கிக்கொண்டிருந்த எமரன்சிக்கு அந்தத் தட்டு தன் உச்சந்தலையில் விழுந்த மாதிரி இருந்தது. இவன் அப்பன் வாங்கிப்போட்ட மேசையா அது? முழுத் தேக்கு. அவள் புருஷன் லிகோரி ஒரு முனையும் அவன் கூட்டாளி வியான்னி மறுமுனையுமாகத் தூக்கி, இந்தக் குறுகல் மாடிப்படியில் திருப்ப முடியாமல் திருப்பி, சுவரில் ஒரு நீளக் கீறல் போட்டு உள்ளே கொண்டுவந்த மேசை. கீறல் இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவனிடம் அந்த இடத்தைத் தொடாதே என்று அவள்தான் சொன்னாள், எதற்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது, கேட்டிருந்தால் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டியிருப்பாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கத்தாமல் பேசவே வராது. கான்வென்ட்டில் சிஸ்டர் லியோனி மர ஸ்கேலால் மேசையில் ஒரே ஒரு தட்டுத்தான் தட்டுவார், வகுப்பே மூச்சை நிறுத்திக்கொள்ளும், நிஜமாகவே நிறுத்திக்கொள்ளும், எமரன்சி எத்தனையோ தடவை அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த நரைத்த புருவத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், எப்போது விடலாம் என்று தெரியாமல். அதற்கெல்லாம் அந்தக் காலத்தில் யாரும் கட்டம் அடிக்கவில்லை.

"தண்ணிக்குள்ள போனா அப்படித்தான்ல," என்றாள் ஜெசிந்தா. சத்தமே இல்லாமல் சொன்னாள். அவள் மகள். இருபது வயது. அப்பனின் நெற்றி, அப்பனின் பிடிவாதம், அம்மாவிடமிருந்து அந்த நாக்கு மட்டும் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எமரன்சிக்குச் சில நாளாகத் தோன்றுகிறது. திட்டித் தீர்க்கிற பிள்ளையை வைத்துக் காலம் தள்ளலாம். இது உள்ளேயே வைத்துக்கொள்கிற பிள்ளை. ஞாயிறானால் பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, மூன்றும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடும். கூடப் படிக்கிறவர்கள்: இந்த இசக்கிராஜா, அப்புறம் மெல்வின். காயும் கிடையாது பலகையும் கிடையாது. ஒருத்தி கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கு ஒரு வேஷம் போட்டுக்கொண்டு நான் கதவைத் திறக்கிறேன், நான் கத்தியை உருவுகிறேன் என்று வாயாலேயே செய்ய வேண்டும், நடந்ததா நடக்கவில்லையா என்று பகடை சொல்லும். வாயாலேயே கோட்டை கட்டி வாயாலேயே இடிக்கிற வேலை. படித்த பிள்ளைகள் பார்க்கிற வேலையா, நான்சென்ஸ். போன வருஷம் முழுக்க டிராகன், மந்திரக்கோல், குட்டைச்சாத்தான் என்று கிடந்தார்கள், அப்போது எமரன்சிக்கு ஒரு தொந்தரவும் இல்லை, கட்லட்டோ பஜ்ஜியோ போட்டுக் கொடுத்துவிட்டு டிவி பார்த்தாள். இப்போது சில வாரமாகக் கதையை இவள் கடலுக்குள் இறக்கிவிட்டாள். மூழ்கிப்போன கப்பலில் இருந்து ஒரு மணியை எடுத்துவர வேண்டுமாம். முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். சிலிண்டரில் இருக்கிற காற்றைத் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு, செலவாகச் செலவாக ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். இறங்கின ஆழத்தைப் பாகத்தில் சொல்ல வேண்டும், ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அது ஒரு பாகம், லிகோரி அப்படித்தான் சொல்வான், மீட்டரில் சொன்னால் அவனுக்கு ஆழமே தோன்றாது. மகளும் அதே கணக்கில் சொல்கிறாள். பதினாறு பாகம். எமரன்சி முதல் தடவை அடுப்படியிலிருந்து அதைக் கேட்டபோது கையில் வைத்திருந்த வெங்காயத்தைத் தொட்டிக்குள் போட்டுவிட்டாள். நங்கூரம் கிடந்த ஆழம் அது. ஏதோ ஒரு சரக்குக் கப்பல் வெளிக்கடலில் அறுத்துவிட்டுப்போன நங்கூரம், அதை எடுக்கக் காண்டிராக்டு எடுத்தவன் ஒருத்தன், அவன் அனுப்பின முக்குளிப்பவர்கள் இரண்டு பேர். லிகோரியும் வியான்னியும். அன்றைக்கு அது இரண்டாவது இறக்கம். ஒருத்தன் நடந்து வீட்டுக்குப் போனான். நடந்து. அந்தச் சொல்லில் எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் பட்டது, "சவம்" என்று எண்ணெயைத் திட்டினாள், கையைக் குழாயடியில் காட்டினாள், காட்டின கை அங்கேயே நின்றது.

வேலை செய்தால் மூன்று கட்டம். அதைத்தான் இசக்கி கத்துகிறான், ஈட்டியால் ஒரு மீனைக் குத்தினதற்கு மூன்று கட்டம் காற்று போய்விட்டதே என்று. ஆனால் அது சரிதானே, முட்டாப் பயலே, அடியில் கிடந்து ஒரு துருப்பிடித்த ஆணியைக் கழற்றிப் பார், லிகோரிக்கு நங்கூர வளையத்தின் ஆணி நெடுநேரம் அசையவில்லையாம், கடப்பாரையைப் போட்டு நெம்பிக்கொண்டே இருந்தானாம், பீடி குடிக்கிற நெஞ்சு வேறு, அது எத்தனை கட்டம் தின்றிருக்கும். கோபத்துக்கு எத்தனை கட்டம் என்று ஜெசி வைத்திருக்கிறாளா? அன்றைக்குக் காலையில் சண்டை போட்டோமா என்று எமரன்சி இந்த இரண்டு வருஷத்தில் துழாவாத நாள் இல்லை. போடவில்லை. அதுதான் ஆச்சரியம். கல்யாணமான நாளிலிருந்து சட்னியில் உப்பு, சட்டையில் பொத்தான், அவன் அக்காவின் வாய், எதற்காவது சண்டை போடாமல் அவன் படி இறங்கினது கிடையாது, அன்றைக்கு ஒருநாள் ஒன்றுமே இல்லை, "ஏளா, வாரேன்" என்றான், "ம்" என்றாள். அதோடு சரி. அப்புறம் வியான்னி வந்து நின்றதுதான். கடல் தண்ணீர் காயாத தலையோடு, வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு. "மைனி, அவருக்குக் காத்து தீந்துபோச்சு மைனி. என் வாய்க்குழாயத்தான் ரெண்டுபேரும் மாத்தி மாத்தி வச்சிக்கிட்டோம். பெல்ட்டப் பிடிச்சு இழுத்துக்கிட்டே வந்தேன். பாதியில கனத்துப்போனாரு, நழுவிட்டாரு. நேரா மேல வந்தேன் மைனி, எங்கயும் நிக்கல, ஆள் கூப்பிடணும்னு நேரா வந்தேன்." அவ்வளவையும் அவன் ஒரே மூச்சில் சொன்னான். அதற்கப்புறம் அவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. கடலிலும் இறங்கவில்லை. உப்பளம் பக்கம் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டான், கோயிலும் வேறு கோயில். ஆனால் மகன் மெல்வினை அனுப்புகிறான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தெருமுனையில் விடுவான், ஆறு மணிக்கு வந்து வாசலில் ஹாரன் அடிப்பான். எமரன்சி பால்கனியில் துணி எடுக்கிற மாதிரி எட்டிப் பார்ப்பாள். வண்டியை அணைக்க மாட்டான். இறங்க மாட்டான். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்தபடி, கழுத்தைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். வெட்கப்படுகிறான் பாவம் என்று எமரன்சி நினைத்தாள். உயிரோடு வந்ததற்கு வெட்கம். அவள்கூட இரண்டொரு தடவை ஒரு டப்பாவில் பலகாரம் போட்டு, "உங்கப்பாட்ட குடு" என்று மெல்வினிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

"இங்க பாருல, இந்தக் கலர் பாட்டிலப் பாரு," என்றாள் ஜெசி. இசக்கி வாங்கி வந்த பெரிய பாட்டில், அவன் ஒரு தடவைகூட வெறுங்கையோடு வராத பயல், அதற்காக அவனை மன்னிக்கலாம். "மூடிய மெல்லத் தொறந்தா என்ன ஆவுது? ஒண்ணும் ஆவல. ஒரே தெறப்பாத் தொறந்தா? பொங்கிரும். ஒன் ரத்தமும் இதேதான். ஆழத்துல ரொம்ப நேரம் கெடந்தா காத்து ரத்தத்துல கரஞ்சு நிக்கும். மெல்ல வரணும், மூணு பாகத்துக்கு வந்ததும் அங்கனயே நிக்கணும், எல்லாம் வெளிய போற மட்டும். நிக்காம வந்தா உள்ளயே பொங்கும். எங்க பொங்குதோ அந்த இடம் போச்சு. அதுக்குத்தான் டேபிள்." இசக்கி அந்த டேபிளை, அவள் தாளில் எழுதின அட்டவணையை, வாசித்தான், பரிகாசமாக, பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில். நிற்காமல் வந்தவன் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது, இருபது விழுந்தால் ஒன்றும் ஆகாது. அதற்குக் கீழே விழுந்தால் தோள். இன்னும் கீழே விழுந்தால் முழங்கால். அதற்கும் கீழே இடுப்புக்குக் கீழ் எல்லாம். அடியில் விழுந்தால் பேச்சு, கண், உயிர். "மூணே மூணு முகந்தான் தப்பிக்குமா? நீ என்ன மனுசியாட்டி?" என்றான். எமரன்சி குழாயை மூடினாள். இதெல்லாம் அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. முக்குளிப்பவன் பெண்டாட்டிக்கு இது தெரியாமலா இருக்கும்? மேலே வேகமாக வந்து கால் விழுந்தவர்கள் இந்தத் தெருவிலேயே உண்டு, கம்பு ஊன்றி மீன் வாங்க வருகிற அந்தோணி அண்ணன் உண்டு. லிகோரியே ராத்திரி தோளைத் தேய்க்கச் சொல்லி முனகியிருக்கிறான். தெரியும். தெரிந்த துண்டு ஒன்று. வியான்னி வாசலில் நின்று, எங்கயும் நிக்கல, நேரா வந்தேன் என்றது, தெரிந்த இன்னொரு துண்டு. இரண்டும் இரண்டு வருஷமாக வேறு வேறு பெட்டியில் கிடந்தன. தையல் வகுப்பில் இரண்டு ஓரத்தை ஒன்றோடொன்று வைத்துக் குத்தூசி போட்ட மாதிரி இந்தப் பிள்ளை இன்றைக்கு அதைச் சேர்த்து வைத்துவிட்டாள். நேராக வந்தவன். இரண்டாம் தடவை இறங்கி, அவ்வளவு நேரம் கிடந்து, எங்கேயும் நிற்காமல் நேராக வந்தவன். கால் எப்படி இருந்தது அவனுக்கு? வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றானே, ஏன் பிடித்துக்கொண்டான், வலியா, இல்லை அந்தச் செய்தியோடு வருகிறவன் எவனும் நிலையைத்தான் பிடிப்பானா? படி ஏறி வந்தானே. முழங்கால் போனவன் இந்தப் படியை ஏறுவானா? ஏறிவிட்டான் என்றால், ஏறிவிட்டான் என்றால், ஒன்று அவனுக்குப் பத்தொன்பது விழுந்திருக்கிறது. இல்லை, அவன் மூன்று பாகத்தில் நின்றிருக்கிறான். சாவகாசமாக. வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே போகிற மட்டும், காற்றை இழுத்து, விட்டு, இழுத்து. அவ்வளவு காற்று அவனிடம் இருந்திருக்கிறது. இரண்டு பேர் நேராக வருவதற்குப் போதுகிற காற்று, ஒருத்தன் நின்று வருவதற்கும் போதும். இரண்டு பேரும் நின்று வருவதற்குப் போதாது. அதுதானே இவள் வைத்திருக்கிற கணக்கு?

கட்லட் கருகிக்கொண்டிருந்தது. வாரி எடுத்தாள், வடிதட்டில் போட்டாள், அடுத்த ஈட்டை இறக்கினாள், கை அதுபாட்டுக்குச் செய்தது. உடல் கிடைத்து அடக்கம் நடந்த அன்று வியான்னி எப்படி நடந்தான்? அதுதான் வேண்டும் இப்போது, வேறொன்றும் வேண்டாம். பெட்டியைத் தூக்கினவர்களில் அவன் இருந்தான், முன்பக்கம், இடது. அது நிச்சயம். பெட்டியின் பித்தளைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் அவன் காது தெரிந்தது, காது மடலில் காய்ந்த உப்பு மாதிரி ஏதோ வெள்ளையாக இருந்தது, இத்தனை பெரிய சாவில் இவன் காது கழுவாமல் வந்திருக்கிறானே என்று அவள் அப்போது நினைத்தாள், கடவுளே, புருஷனைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருத்திக்கு நினைக்கக் கிடைத்ததைப் பார். காது தெரிகிறது. கால் தெரியவில்லை. கோயில் வாசலில் தோள் மாற்றிக்கொண்டான். இடதிலிருந்து வலது. தோள் வலித்ததா? தோள் வலித்தது என்றால் டேபிளில் தோள் இருக்கிறதே, அப்படியென்றால் அவன் நேராகத்தான் வந்தான், பாவம், வலியோடுதான் அவ்வளவு தூரம் தூக்கினான், அவள்தான் அநியாயமாகச் சந்தேகப்படுகிறாள். ஆனால் கோயில் வாசலில் எல்லாரும்தான் தோள் மாற்றுவார்கள். நான்கு பேரும் மாற்றினார்கள். அவன் முதலில் மாற்றினானா, மற்றவர்களைப் பார்த்து மாற்றினானா? சாமியார் அப்போது தண்ணீர் தெளித்தார், அவர் போட்டிருந்த சாக்ஸில் ஒரு கால் கருப்பு, ஒரு கால் கருநீலம். சாக்ஸ் தெரிகிறது! ஊரில் இருக்கிற சாமியாரின் சாக்ஸ் தெரிகிறது, அவன் கால் தெரியவில்லை. உள்ளே முழங்காலில் நின்றார்களே எல்லாரும், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்தின்போது, அப்போது ஒரு ஆள் தூணோரம் நின்றுகொண்டே இருந்தான், மண்டியிடவில்லை, அது வியான்னியா? முழங்கால் மடங்காமல் நின்றவனா? இந்தப் பங்கில் ஆம்பிளைகள் பாதிப்பேர் பூசை முழுக்கத் தூணில் சாய்ந்துதான் நிற்பார்கள், அவன் யாரோ. கல்லறைக்குப் போகிற மண் பாதை. மழை பெய்த ஈரம். அங்கே அவன் நடந்து போகிறான், அவள் பின்னால் பார்க்கிறாள், பார்க்கிறாள், இப்போது நொண்டுகிறான், வலது காலை இழுக்கிறான். இழுத்தானா? இல்லை, இது அந்தோணி அண்ணனின் கால். அதை எடுத்து இவனுக்குப் பொருத்துகிறாள். அவிழ்த்துவிட்டு மறுபடி தை என்பார் சிஸ்டர் லியோனி, கோணல் தையலைக் கண்டால் மன்னிக்கவே மாட்டார், முழு ஓரத்தையும் அவிழ்க்க வேண்டும், துணியில் ஓட்டை ஓட்டையாக விழும். மறுபடி. கோயில் வாசல், காது, பித்தளை, தோள். நேராக நடக்கிறான். அழகாக, ஜவான் மாதிரி, ஒன்றுமே ஆகாதவன் மாதிரி நடக்கிறான். இதுவும் அவள் தைத்ததுதான். அவிழ். எந்தப் பக்கம் இழுத்தாலும் வருகிறது, எதையும் நம்ப முடியவில்லை. அந்த மூன்று முகம் என்று யார் சொன்னது? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? இவளாகப் போட்ட கணக்குத்தானே, ஒரு பத்து முகம் தப்பிக்கும் என்று போட்டிருக்கக் கூடாதா? மூன்று என்று ஏன் போட்டாள், எத்தனை நாள் உட்கார்ந்து போட்டாள், யாருடைய காலை மனதில் வைத்துக்கொண்டு?

"மெல்வின்," என்றது மகளின் குரல், "இசக்கிக்குக் காத்து தீந்துபோச்சு. ஒன் வாய்க்குழாயத்தான் ரெண்டுபேரும் மாத்தி வச்சிருக்கீங்க. அவன் பெல்ட்டப் பிடிச்சிருக்க. இப்ப பதினாறு பாகத்துல இருக்கீங்க." எமரன்சி அடுப்பை அணைத்தாள். எண்ணெயின் இரைச்சல் அடங்க அடங்க அந்த அறையில் காற்றாடி சுற்றுவது கேட்டது. கடவுளே, அடிப்பாவி மகளே, விளையாட்டு என்று சொல்லி இத்தனை வாரமாக நீ இந்தப் பையனைப் படிப்படியாக இங்கேதான் இறக்கிக்கொண்டு வந்தாயா? மணி ஏது, கப்பல் ஏது! "மூணு பாகத்துல நின்னன்னா ஒனக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா காத்து ஒன் ஒருத்தனுக்குத்தான் காணும். நேரா மேல வந்தா ரெண்டுபேரும் வரலாம். ரெண்டுபேரும் டைஸ் உருட்டணும். நிக்கியா, வாரியா?" போய்த் தடுக்க வேண்டும். நான்சென்ஸ் போதும், எழுந்திரிங்க, சாப்பிடுங்க என்று ஒரு சத்தம் போட்டால் தீர்ந்தது, சத்தம் போட அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? போகவில்லை. வடிதட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அந்தப் பதிலைக் கேட்கத்தான் நின்றாள். மெல்வின் ஒல்லியான பையன், சாந்தமான பையன், முதல் கட்லட்டை எடுத்தால் முள் இருக்கிறதா என்று பிய்த்துப் பார்த்துத்தான் தின்பான், அவன் அப்பனுக்கும் அதே பழக்கம். "யோசிக்கதுக்கு என்ன இருக்கு," என்றான் மெல்வின். "வாரேன். நேரா வாரேன்." இசக்கி மேசையை மறுபடி தட்டினான், "அவந்தாம்ல கூட்டாளி! ஆன்ட்டி, கேட்டீங்களா, என் உயிரக் காப்பாத்திட்டான்!" என்றான். பகடை மரத்தில் உருண்டது. முதலில் இசக்கியுடையது. "நாலு," என்றான் அவன், "நாலுன்னா என்னட்டி?" "இடுப்புக்குக் கீழ எல்லாம் போச்சு." "உயிரோட இருக்கனா?" "இருக்க." "அப்பச் சரி, ஒரு வண்டி வாங்கித் தள்ளிட்டுப் போறது," என்று சிரித்தான். உயிரோட இருக்க. முன்னறையில், அந்த ஜன்னலோரம், சக்கர நாற்காலியில், ஏளா, ஏளா செவிட்டுச் சவமே, தண்ணி கொண்டா என்று கத்திக்கொண்டு லிகோரி. கால் இல்லாத லிகோரி. குளிப்பாட்டி, கழுவிவிட்டு, தூக்கிப் போட்டு, இடுப்பு ஒடிந்து, நீ அன்னைக்கே போயிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லி, அவன் தட்டை எறிந்து, அவள் பொறுக்கி. அத்தனையும் இருந்திருக்கும். அந்தச் சண்டைகள் எல்லாம் எங்கே போயின? யார் இழுத்து மூச்சாக விட்டுவிட்டார்கள் அவற்றை, மூன்று பாகத்தில் நின்றுகொண்டு?

அடுத்த பகடை உருண்டது, நீண்ட நேரம் உருண்டது, ஒரு எவர்சில்வர் டம்ளரில் போய் முட்டி நின்றது. "பத்தொம்பது!" என்று இசக்கி எழும்பிக் குதித்தான். "பத்தொம்பதுல! ஒண்ணும் ஆகல ஒனக்கு! ஒரு மயிரும் ஆகல!" அப்புறம் அடுப்படிப் பக்கம் பார்த்து, "சாரி ஆன்ட்டி." எமரன்சி தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்திருந்தாள். பத்தொன்பது. ஆக, விழும். அப்படியும் விழும். நேராக வந்து, ஒன்றும் ஆகாமல், ஒருத்தன் நடந்து வீட்டுக்குப் போகலாம், அது நடக்காத விஷயம் இல்லை, இதோ மேசையில் கிடக்கிறது. அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று இளகி இறங்கப் பார்த்தது. ஜெசியின் முகத்தைப் பார்த்தாள், இறங்கவில்லை. அந்தப் பிள்ளை பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது தன் காதில் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி. "மறுபடி உருட்டு," என்றாள். "எதுக்குட்டி? ஒரு தடவதான ரூலு?" என்றான் இசக்கி. "மறுபடி உருட்டு மெல்வின்." மெல்வின் பகடையை எடுத்தான். உருட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான். "டைஸ்தான ஜெசி," என்றான். "அப்படியும் விழும்." விளையாடுகிறவன் குரல் இல்லை அது. எமரன்சி அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள், இதே வீட்டில், இதே நிலைக்குப் பக்கத்தில். இவனுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன தெரியும் என்று தெரியவில்லை, ஆனால் தெரிந்திருக்கிறது. ஒருவேளை இத்தனை ஞாயிறும் அவன் இதற்காகத்தான் வந்தானோ, யாராவது கேட்கட்டும் என்று, கட்லட்டில் முள் தேடிக்கொண்டு? "எத்தன தடவ உருட்டணும்னு சொல்லு, உருட்டுதேன்," என்றான், மேசையைப் பார்த்துக்கொண்டு. ஜெசியின் உதடு வெளுத்திருந்தது. இசக்கி ஒருத்தரையும் மற்றவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

கீழே ஹாரன் அடித்தது. ஆறு ஆகிவிட்டது போல. எமரன்சி தட்டை மேசையில் வைத்தாள், ஓரத்தில் கருகினதும் நல்லதும் கலந்துகிடந்தன, பிரித்து வைக்கக்கூட இல்லை. பால்கனிக்குப் போகவில்லை. போனால் தெரியப்போவது என்ன, அதே கழுத்து, அதே இரண்டு கால், தரையில் ஊன்றினபடி. எந்தக் காலும் ஊன்றினால் நல்ல கால்தான். மெல்வின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான், பகடை இன்னும் அவன் கைக்குள்ளேயே இருந்தது, அவளைத் தாண்டித்தான் போக வேண்டும், வழியில் நின்றாள். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அவளே கேட்டு நாளான ஒரு குரல் வந்தது, கான்வென்ட்டில் பெரிய மதரிடம் லீவு கேட்கப் போகும்போது வருகிற குரல். "மெல்வின்," என்றாள், "கீழ போயி உங்கப்பாட்ட, வண்டிய ஆஃப் பண்ணிட்டு, ஒரே ஒரு தடவ இந்தப் படியேறி மேல வரச் சொல்லேன் மக்கா." ஜெசி தலையைத் தூக்கவில்லை. மெல்வின் தரையைப் பார்த்தான். மறுபடி ஹாரன். "ஒண்ணும் கேக்க மாட்டேன். சத்தம் போட மாட்டேன். ஏறி வாரத மட்டும் பாத்துக்கிடுதேன். சொல்லேன்."